பழைய நிலப்படங்களும் நம் எல்லைப்புற ஊர்களும்

வெள்ளறடையிலிருந்து பனச்சமூட்டுச் சந்தை வழியாகக் கிழக்கும் தெற்குமாக நடந்து செல்பவன், தான் எந்த இடத்தில் ஒரு மாநிலத்தை விட்டு மற்றொரு மாநிலத்தில் அடியெடுத்து வைத்தான் என்பதை மண்ணைப் பார்த்து அறிய இயலாது. இப்பாலும் செம்மண்தான், அப்பாலும் செம்மண்தான். இங்கும் ரப்பரும் மரவள்ளியும் வாழையும், அங்கும் அவையே. கடைப் பலகையின் எழுத்து மாறுகிறது. பேருந்தின் நிறம் மாறுகிறது. மலையாள நாவில் ‘வெள்ளறட’ என்று முடியும் ஊர்ப்பெயர், தமிழ் நாவில் ஐகாரம் பெற்று ‘வெள்ளறடை’ ஆகிறது. அவ்வளவே வேற்றுமை.

மண்ணில் காணப்படாத அந்தக் கோடு எங்கே இருக்கிறது? காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தில் ஒருவர் இழுத்த கோடு, பள்ளிக்கூடத்தின் மொழியையும், நீர்ப்பாய்ச்சலின் உரிமையையும், ஒரு குடும்பம் எந்த நீதிமன்றத்தின் படியேற வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. ஆகவே, நிலப்படம் என்பது மாணவர் சுவரில் மாட்டிப் பார்க்கும் வண்ணத்தாள் மட்டும் அன்று. பழைய நிலப்படங்களைத் தேடித் தொகுக்கும் கலையைப் பற்றியும், அக்கலையை விளக்கும் நூல்களைப் பற்றியும், ஊர்விட்டு ஊர் சென்று வாழும் நம் குடும்பங்கள் சிறிதேனும் அறிந்திருப்பது நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சொல்லால் வரைந்த படம்

நம் முன்னோர் நிலப்படம் வரைந்ததில்லை என்று நெடுங்காலம் மேனாட்டார் எழுதி வந்தனர். காகிதத்தில் வரைந்தவை மிகுதியாகக் கிடைக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், எல்லையைக் கருத்தோடு அளந்து குறிக்கும் பழக்கம் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. சோழர் காலத்தில் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது, ஊராரும் அதிகாரிகளும் கூடி நிற்க, ஒரு பெண் யானையை ஊரின் எல்லை வழியே நடத்திச் சுற்றி வருவார்கள். யானை நடந்த வழியில் கல் நாட்டுவார்கள், கள்ளி நடுவார்கள். பிறகு, கிழக்கே இன்ன வாய்க்கால், தெற்கே இன்ன மேடு, மேற்கே இன்ன மரம் என்று ஒவ்வொன்றாகச் செப்பேட்டில் பொறிப்பார்கள். முதலாம் இராசராசன் தன் நாடு முழுவதையும் கோல்கொண்டு அளப்பித்தது வரலாறு.

நம் எல்லைப்புறத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் முஞ்சிறைச் சபையாரிடம் நிலத்தை மாற்றாகப் பெற்றுப் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் சாலையும் அமைத்த செய்தி, தமிழ்ச் செப்பேட்டில் நமக்குக் கிடைத்துள்ளது. இத்தகைய ஆவணங்களைச் சொல்லால் வரைந்த நிலப்படங்கள் என்றே கொள்ளலாம். கண்ணால் காணும் படத்தைக் காட்டிலும் காதால் கேட்கும் எல்லையை நம்பிய காலம் அது.

கடல்வழி வந்த படங்கள்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, உலகின் ஊர்களையும் முனைகளையும் மலைகளையும் பட்டியலிட்டுப் பூகோள நூல் ஒன்று செய்தார். அதில் குமரி ‘கொமாரியா’ என்றும், மதுரை ‘மொதூரா’ என்றும், கொற்கை ‘கொல்கோய்’ என்றும் வருகின்றன. ‘பெட்டிகோ’ என்று அவர் குறித்த மலை பொதிகையே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. வெள்ளறடைப் பகுதியிலிருந்து வானம் தெளிந்த காலையில் வடகிழக்கே நோக்கினால் அகத்தியமலைத் தொடர் நீல நிறத்தில் தோன்றும். நெய்யாறு பிறப்பதும் அங்கேதான். நம் வீட்டு முற்றத்திலிருந்து தெரியும் மலையின் பெயர், நம் நாட்டை ஒரு முறையேனும் கண்டிராத ஒருவரின் நூலில் ஏறியிருப்பது வியப்பன்றோ? வணிகரும் மாலுமிகளும் சொல்லக் கேட்டு எழுதியதால், தாலமியின் கணக்குப்படி வரைந்த படங்களில் தென்னிந்தியா முனை மழுங்கிக் கிடக்கிறது. இலங்கையோ பன்மடங்கு பெருத்துக் காண்கிறது.

இந்நூல் படங்களோடு 1477ஆம் ஆண்டில் இத்தாலியின் பொலோனா நகரில் அச்சேறியது. பின்னர், 1570இல் ஆண்ட்வெர்ப் நகரில் ஆபிரகாம் ஒர்த்தேலியஸ் வெளியிட்ட தொகுதியையே முதல் புதுமுறை நிலப்பட நூல் என்பர். போர்ச்சுகீசியரும் ஒல்லாந்தரும் கடற்கரையை நன்கு அறிந்திருந்தனர். ஆகவே அவர்தம் படங்களில் கரையோரம் முழுவதும் ஊர்ப்பெயர்கள் நெருங்கி நிற்கும். உள்நாடோ வெறுமையாய்க் கிடக்கும். அல்லது யானையும் புலியும் வரைந்து அந்த வெறுமையை மறைத்திருப்பார்கள்.

தமிழர் தனியாகக் குறித்து வைக்க வேண்டிய நூல் ஒன்று உண்டு. ஒல்லாந்துப் பாதிரியாரான பிலிப்புஸ் பால்தேயஸ், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றி 1672இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் யாழ்ப்பாணப் பகுதியின் படங்களும் நம் கடற்றுறைகளின் காட்சிகளும் உள்ளன. தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று சந்தையில் அந்நூலின் படங்கள் ஒவ்வொரு தாளாக விற்கப்படுவதன் பொருள் என்ன என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

1752இல் பாரிசிலிருந்து தான்வில் என்னும் பிரெஞ்சு அறிஞர் இந்தியப் படம் ஒன்றை வெளியிட்டார். அவரும் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். ஆனால், அறியாத இடத்தில் யானையை வரையாமல், அறியாத இடம் என்றே வெறுமையாக விட்டுவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையே அறிவியலின் முதற்படி. வங்காளத்தின் முதல் தலைமை நில அளவையாளராக இருந்த ஜேம்ஸ் ரென்னல் 1782இல் வெளியிட்ட இந்துஸ்தானப் படமும் அவ்வழியில் வந்ததே.

சங்கிலி பிடித்து வந்தோர்

கேள்விப்பட்டதை வரையும் காலம் போய், அளந்து வரையும் காலம் தமிழ் மண்ணில்தான் தொடங்கியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிப்படைக் கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அவரிடமிருந்த தியோடலைட் என்னும் கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நொறுங்கியது. லாம்டன் மனம் தளராமல், வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே சிறிது சிறிதாக நிமிர்த்திச் சீராக்கினார் என்று வரலாறு கூறுகிறது. அந்த அளவையின் தென்கோடி குமரிமுனையை அடுத்து அமைந்தது.

நம் ஊர்களுக்கு வந்தவர்கள் வேறு இருவர்: பெஞ்சமின் சுவைன் வார்டு, பீட்டர் கானர் என்னும் இளம் படை அதிகாரிகள். 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் இவர்கள் அளந்தனர். படம் வரைந்ததோடு நில்லாமல், மாவட்டம் மாவட்டமாகச் சென்று மலை, ஆறு, சாலை, பயிர், குடிகள் ஆகியவற்றைப் பற்றிக் குறிப்பும் எழுதினர். நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் அக்குறிப்பில் தனித்தனியே இடம்பெற்றன. கானர் 1821இல் இறந்தார். வார்டு பின்னர் நீலகிரியையும் பழனி மலையையும் அளக்கச் சென்றார்.

இவர்கள் எழுதிய ‘திருவிதாங்கூர் கொச்சி நில அளவைக் குறிப்பு’ உடனே அச்சாகவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், 1863இல்தான் திருவனந்தபுரம் சர்க்கார் அச்சகத்தில் வெளிவந்தது. கேரள அரசின் கெசட்டியர் துறை 1994இல் அதனை மீண்டும் அச்சிட்டது. நம் தாத்தாவின் தாத்தா நடந்த சாலை எது, அவர் கண்ட காடு எத்தகையது என்று அறிய விரும்புவோர் முதலில் தேட வேண்டிய நூல் இதுவே.

ஒன்றை மட்டும் மறத்தல் கூடாது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சாது காட்டில் சங்கிலி பிடித்தவரும், கொடி ஏந்திக் குன்றேறியவரும், ‘இவ்வூரின் பெயர் இது’ என்று எடுத்துச் சொன்னவரும் நம் நாட்டு மக்களே. அவர் பெயர்களைப் படத்தின் ஓரத்தில் எவரும் பொறிக்கவில்லை. அவர் சொன்ன ஊர்ப்பெயரும் அயலார் காதில் விழுந்து உருமாறியது. திருவனந்தபுரம் ‘டிரிவாண்ட்ரம்’ ஆயிற்று. கொல்லம் ‘குயிலான்’ ஆயிற்று. தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆயிற்று. தரங்கம்பாடி ‘டிராங்குபார்’ ஆயிற்று. திருவனந்தபுரம் தன் பெயரை அரசு ஏட்டில் மீண்டும் பெற 1991 வரை காத்திருக்க நேர்ந்தது.

தாலுகாக் கோடு மாநிலக் கோடானது

வார்டும் கானரும் நடந்த நாளில் நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் இடையே இருந்தது, ஒரே அரசின் இரண்டு நிருவாகப் பகுதிகளைப் பிரிக்கும் கோடுதான். வரி வாங்குவதற்காக இட்ட கோடு அது. மக்களைப் பிரிப்பதற்காக இட்டதன்று.

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு, தமிழர் மிகுந்த தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராடியது. அது கேட்ட பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் தன் அறிக்கையைத் தந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் பழைய தாலுகாக் கோடே மாநிலக் கோடாயிற்று.

அண்ணன் வீடு அப்பாலும் தம்பி வீடு இப்பாலுமாகப் பல குடும்பங்கள் அமைந்தன. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் நீர் கோட்டைக் கடந்து விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய்ந்தது. 2004இல் அது நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆறு நிலப்படத்தைப் பார்த்து ஓடுவதில்லை. கால்வாயின் மதகோ நிலப்படத்தைப் பார்த்தே திறக்கிறது. இதை யாரையும் குறை கூற எழுதவில்லை. இரு மொழியும் இரு மாநிலமும் நமக்கு உறவே. காகிதக் கோட்டின் வலிமையை உணர்த்தவே எழுதினேன்.

படிக்கத் தக்க நூல்கள்

பழைய படங்களைப் பற்றி அறிய விரும்புவோர்க்குச் சில நூல்களைச் சுட்டுகிறேன். இவை ஆங்கில நூல்கள். நூலகங்களில் தேடினால் கிடைக்கும்.

ஆர்.வி. டூலி 1949இல் எழுதிய ‘நிலப்படங்களும் நிலப்படம் வரைந்தோரும்’ என்னும் பொருள்படும் நூல், சேகரிப்போர்க்கு அரிச்சுவடி போன்றது. எந்த நூற்றாண்டில் யார் வரைந்தார், எப்பதிப்பில் என்ன மாறியது என்று நாடுவாரியாகக் கூறும்.

கர்னல் ஆர்.எச். பிலிமோர் தொகுத்த ‘இந்திய நில அளவையின் வரலாற்று ஆவணங்கள்’ 1945 முதல் 1958 வரை நான்கு தொகுதிகளாகத் தேராதூனிலிருந்து வெளிவந்தது. வார்டு, கானர் காலத்துச் செய்திகளுக்கு 1954இல் வந்த மூன்றாம் தொகுதியைப் பார்க்கலாம். மேலும் ஒரு தொகுதி அச்சான பின்னும், எல்லைச் செய்திகளைக் கருதி அரசு அதனை நிறுத்திவைத்தது. நிலப்படத்தைக் கண்டு அரசுகள் எவ்வளவு அஞ்சுகின்றன என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டு வாசகர்க்கு மிக நெருங்கியவை சூசன் கோல் என்னும் அம்மையாரின் நூல்கள். இவர் டில்லியில் வாழ்ந்து ஆராய்ந்தவர். 1976இல் ‘இந்தியாவின் தொடக்க கால நிலப்படங்கள்’ என்ற பொருளில் ஒரு நூலும், 1983இல் அச்சுப் படங்களின் விரிவான பட்டியலைக் கொண்ட ‘கங்கைக்கு இப்பாலுள்ள இந்தியா’ என்னும் நூலும் எழுதினார். 1989இல் வந்த மூன்றாவது நூல் இவ்விரண்டினும் சிறந்தது. இந்தியர் தம் கையாலேயே வரைந்த படங்களையும் மனைத் திட்டங்களையும் தேடித் திரட்டி, ‘இந்தியர் படம் வரைந்ததில்லை’ என்ற பழைய கூற்றை அதில் தகர்த்தார். அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் சுவார்ட்ஸ்பர்க் 1992இல் வந்த நிலப்படக்கலை வரலாற்றுத் தொகுதியில் இவ்வாராய்ச்சியை மேலும் விரித்தார். நில அளவை ஆங்கில ஆட்சிக்கு எவ்வாறு கருவியாயிற்று என்பதை மாத்யூ எட்னி 1997இல் எழுதிய நூல் விளக்கும்.

நூலில் காண்பதை நேரில் காண விரும்புவோர், தஞ்சைச் சரசுவதி மகாலுக்குச் செல்லலாம். 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோசி மன்னர் ஐரோப்பிய நூல்களைத் திரட்டினார். அவ்வில்லத்தில் பழைய நிலப்பட நூல்களும் உள்ளன. ஐதராபாத்தின் கலாகிருதி ஆவணக் காப்பகம் தனியார் ஒருவர் திரட்டிய சேகரம். அதன் படங்கள் 2015இல் டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

வாங்குவோர்க்குச் சில சொற்கள்

வசதி பெற்ற நம் குடும்பத்தார் சிலர், வரவேற்பறையில் மாட்டுவதற்குப் பழைய தென்னிந்தியப் படம் ஒன்றை வாங்க விரும்புவதுண்டு. அவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். செப்புத்தகட்டில் பொறித்து அழுத்திய படமாயின், தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் படத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தால் தெரியும். பழைய கைக்காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் இழைக்கோடுகள் தோன்றும். சில தாள்களில் நீர்க்குறியும் இருக்கும். பூதக்கண்ணாடியில் நோக்கும்போது சிறுசிறு புள்ளிகளாக வண்ணம் தெரிந்தால் அது இக்காலத்து அச்சு. நகல் வாங்குவது தவறன்று. நகலை மூலத்தின் விலைக்கு வாங்குவதே தவறு.

மற்றொன்று, நெஞ்சை வருத்தும் செய்தி. தனித்தாளாக விற்பனைக்கு வரும் பழைய படங்களுட் பெரும்பாலானவை, ஒரு காலத்தில் நூல்களுக்குள் கட்டப்பட்டிருந்தவை. முழு நூலை விற்பதினும் படம் படமாக அறுத்து விற்றால் ஆதாயம் மிகுதி. பால்தேயஸ் நூலின் யாழ்ப்பாணப் படம் ஒருவர் சுவரில் தொங்கும்போது, உடலை இழந்த நூல் ஒன்று எங்கோ கிடக்கிறது என்பதே பொருள். ஆகவே, முழுநூல் கிடைத்தால் அதனைப் பிரிக்காமல் காப்பவரே மெய்யான சேகரிப்பாளர்.

வெளிநாடுகளில் வாழ்வோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த தொன்மைப் பொருள்களையும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புடைய ஏடுகளையும் ஆவணங்களையும் தனியார் இந்தியாவை விட்டு எடுத்துச் செல்லுதல் கூடாது. ஐயமிருப்பின், தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் காட்டிச் சான்று பெற்ற பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி

இவ்வளவும் சொல்லும் நான், என் வீட்டில் நடந்ததை மறைப்பது நேர்மையாகாது.

என் தாய்மாமன் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. கொல்லம் ஆண்டு இட்ட ஆதாரங்கள், ரசீதுகள், இவற்றோடு துணியில் ஒட்டிய அளவுப்படம் ஒன்று. எங்கள் விளையும், கிணறும், கிணற்றுக்குச் செல்லும் நடைவழியும் அதில் மெல்லிய கோடுகளாகத் தெரியும். சிறுவயதில் நான் அதை விரித்துப் பார்த்து, கிணற்றைக் குறித்த சிறிய வட்டத்தைத் தேடி மகிழ்வேன். பிழைப்புத் தேடி நாங்கள் வெளியூர் சென்றோம். பழைய வீட்டைப் பிரித்தபோது, பெட்டியிலிருந்த தாள்கள் யாவும் எடைபோட்டு விற்கப்பட்டன. விற்றவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ‘அதைப் பத்திரமாக வையுங்கள்’ என்று ஒரு கடிதம் எழுத எனக்கே தோன்றவில்லை.

சில ஆண்டுகளில் நிலம் பங்குக்கு வந்தது. நடைவழி யாருக்கு உரியது என்று என் தாயாருக்கும் மாமனுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. ‘வழி பொதுவழி, படத்தில் இருந்தது’ என்பார் தாயார். ‘படம் எங்கே?’ என்பார் மாமன். இருவரும் ஆறு ஆண்டுகள் பேசவில்லை. கடைசியில் அரசு அளவைப்பதிவின் நகலை விண்ணப்பித்துப் பெற்றோம். நடைவழி பொதுவாகவே இருந்தது. நகலைக் கண்ட மாமன் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்து, பின் ‘உங்க அம்மைய ஒரு தடவ கூட்டிட்டு வா மக்கா’ என்றார். தாயார் அப்போது படுக்கையில் இருந்தார். பயணம் செய்யும் நிலையில் இல்லை. மாமனே புறப்பட்டு வந்து பார்த்தார். அவ்வளவில் என் மனம் ஆறியது. ஆயினும், அந்த ஆறு ஆண்டுகளை எந்த அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறுவது?

நாம் செய்யத்தக்கவை

திருவிதாங்கூரில் 1883இல் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடந்த நில அளவையின் தாள்களும், அதற்கு முந்திய ஓலைகளும் நம் வீடுகளில் இன்றும் இருக்கலாம். அவற்றைத் தேடி எடுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். அதன் பசை காலத்தில் பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறையில் வைத்து உருக்கி அடைக்காதீர்கள். பின்னர் அதைப் பிரிக்கவே இயலாது. மடித்த மடிப்பிலேயே தாள் முறியும். ஆகவே, மடிக்காமல் தட்டையாகத் தூய காகிதத்திற்கு இடையில் வைத்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் காப்பாற்றுங்கள். நம் பக்கத்து மழைக்காலம் பூஞ்சைக்கும் செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் திருவிழாக் காலம். ஆண்டுக்கு இருமுறையாவது திறந்து பாருங்கள்.

நல்ல வெளிச்சத்தில் நிழற்படம் எடுத்து, அயலூரிலும் அயல்நாட்டிலும் உள்ள உடன்பிறந்தார் ஒவ்வொருவர்க்கும் ஒரு படி அனுப்புங்கள். ஒரு படி ஒருவரிடம் இருந்தால் அது சொத்து. எல்லோரிடமும் இருந்தால் அது சாட்சி. வீட்டில் முதியோர் இருப்பின், படத்தை அவர்முன் விரித்து, ஒவ்வொரு விளைக்கும் தோட்டுக்கும் பாறைக்கும் வழங்கிய பெயரைக் கேட்டுத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்பெயர்கள் எந்த அரசுப் படத்திலும் இல்லை. அவர் நினைவில் மட்டுமே உள்ளன.

பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்கு ஊர் என்பது பாதி நிலத்தில் இருக்கிறது. பாதி நினைவில் இருக்கிறது. நினைவு மங்கும், நிலம் கைமாறும். இரண்டுக்கும் இடையே நின்று சான்று பகர்வது அந்தப் பழுப்பேறிய தாள் ஒன்றே. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் சென்று வந்தபின், பரணிலும் ஒருமுறை ஏறிப் பார்ப்பார்களாக!